சுடாத அமிலம்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு 'ஆசிட் மிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வேதியியல் நடத்துவது ஒரு காரணம், என் வாய் இன்னொரு காரணம். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். வந்த வேகத்தில் கொட்டிவிட்டு, அடுத்த நிமிடமே அதே பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்பேன். என் கணவர் இதற்கு நேர் எதிர். பல்வலி வந்தால்கூட முகம் வீங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். கல்லுளிமங்கன் என்று திட்டுவேன். "வூட்ல ஒரு வாய் போதாதா டீச்சரம்மா?" என்று சிரிப்பார்.

அப்போது நாங்கள் பென்னலூரில் குடியிருந்தோம். அவருக்கு ஒரகடத்தில் ஒரு சின்ன கம்பெனியில் ஒப்பந்த வேலை. பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிறவர்களுக்கு, அந்தப் பாகங்களைக் கழுவிக் கொடுக்கிற கம்பெனி அது. துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக இரும்புப் பாகங்கள் வந்து இறங்கும். அவற்றைக் கொக்கிகளில் மாட்டி, வரிசையாக நிற்கும் தொட்டிகளில் ஒவ்வொன்றாக முக்கி எடுத்தால் மறுமுனையில் பளிச்சென்று வெளியே வரும். மாட்டுவது, முக்குவது, எடுப்பது அவர் வேலை. காலை ஷிப்டு என்றால் விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிட்டு, வேகாத வெயிலில் திரும்பி வருவார்.

அந்தத் தொட்டிகளில் துருவைத் தின்பது ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டி. அதில் நிற்கிறவர்களுக்குக் கையுறை கொடுப்பார்கள். ஆனால் அந்தக் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று யாரும் ஊதிப் பார்ப்பது கிடையாது. கொக்கி முனை பட்டு ஊசித் துளை விழுந்திருந்தால், கையை விட்ட மறுகணம் அமிலம் சுரீரென்று சுட்டுவிடும். உடனே கையை உருவிப் பக்கத்தில் இருக்கும் சோடா மாவுத் தண்ணீர் வாளியில் முக்குவார்கள். ஓட்டைக் கையுறை குப்பைக்குப் போகும், வேறொன்று வரும். "ஓட்டை கீதான்னு நாம ஏன் பாக்கணும்? ஆசிட்டே சொல்லிடும்" என்பது அந்த ஷெட்டில் வேதவாக்கு. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்களாம். கேட்கும்போது கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் அந்தத் தொட்டியைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பொய்த்ததே இல்லை.

ஏன் பொய்க்கவில்லை என்பதை நான் ஒவ்வொரு வருடமும் பதினோராம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அமிலம் வலியது என்றால் அதிகம் சுடும் என்று ஊரில் நினைக்கிறார்கள். எங்கள் பாடத்தில் அப்படி இல்லை. ஒரு அமில மூலக்கூறு தன்னிடம் உள்ள ஹைட்ரஜனைத் தண்ணீரில் எவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் அதன் வலிமை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜனைப் பிடித்திருக்கும் குளோரின் கொஞ்சம் பெரிய அணு. பெரிய அணுவாக இருப்பதால் இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகம், பிடி தளர்வு. தண்ணீரைக் கண்டதும் ஹைட்ரஜனை உதறிவிடும். உதறப்பட்ட ஹைட்ரஜன் தோலைக் கண்ட இடத்திலேயே கடிக்கும். அதனால்தான் சுரீர் என்கிறது. என்னைப் போல, மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத ஜாதி.

ஃப்ளோரின் அப்படி அல்ல. அது சின்னஞ்சிறு அணு. ஹைட்ரஜனோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு இறுக்கிப் பிடித்திருக்கும். தண்ணீரில் போட்டாலும் பெரும்பாலான மூலக்கூறுகள் பிரியாமல் முழுசாகவே மிதக்கும். அதனால் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வலிமை குறைந்தது.

இங்கே வருடத்துக்கு ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுந்து நிற்கும். "மிஸ், எலக்ட்ரானை எல்லாத்தையும் விட அதிகமா இழுக்கறது ஃப்ளோரின்தான்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப அதோட ஆசிட்தான ஸ்ட்ராங்கா இருக்கணும்?" நல்ல கேள்வி. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தில் ஓரமாக ஒரு குளோரினையோ ஃப்ளோரினையோ கொண்டுபோய் வைத்தால், அது தள்ளி இருந்து இழுத்து இழுத்து ஹைட்ரஜனின் பிடியைத் தளர்த்திவிடும். அமிலம் வலிமை பெற்றுவிடும். பிள்ளை சொல்வது அங்கே சரி. ஆனால் தள்ளி நின்று இழுப்பது வேறு, ஒட்டி உட்கார்ந்து பிடித்துக்கொள்வது வேறு. நேராகப் பிடித்திருக்கும் இடத்தில் பிணைப்பு எவ்வளவு உறுதி என்பதுதான் தீர்ப்புச் சொல்லும். இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். எழுதிக்கொள்வார்கள்.

கம்பெனிக்கு அலுமினிய வேலை வந்தது அந்தக் கோடையில். அலுமினிய வார்ப்பில் கொஞ்சம் சிலிக்கான் கலந்திருக்கும். கழுவினால் அலுமினியம் கரைந்து, கரையாத சிலிக்கான் மேலே கரி பூசினாற்போல் படிந்து நிற்கும். அதை எடுக்க ஹைட்ரோகுளோரிக் உதவாது. வேறொரு அமிலம் வேண்டும். புதுத் தொட்டி ஒன்று வந்து வரிசையில் உட்கார்ந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். எங்கள் வீட்டுக் கல்லுளிமங்கனுக்கு, தொட்டி மாறியது ஒரு செய்தியாகவே படவில்லை.

அன்று சனிக்கிழமை. எனக்குப் பள்ளி அரை நாள். நான் வந்து சோறு வடித்துக் கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்திருந்தேன். அவர் வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். சோற்றைப் பிசைய விரல்களை வைத்தவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

"இன்னா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. வெரல் நுனில மதமதன்னு கீது. கொக்கி அழுத்திச்சோ இன்னாவோ."

வலது கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல், நான்கின் நுனியும் லேசாக வெளுத்திருந்தன. நெடுநேரம் துணி துவைத்த கை போல. கொப்புளம் இல்லை, காயம் இல்லை. இடது கையால் கரண்டியில் எடுத்துச் சாப்பிட்டார். பாதிச் சோற்றில் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கத் தொடங்கினார். அவர் அப்படி நடக்கிற ஆள் இல்லை. நெற்றியில் வியர்வை பொடிப்பொடியாக நின்றது.

"சொல்லித் தொலைங்களேன், எப்படி வலிக்குது?" என்று கத்தினேன்.

"உள்ளாற வலிக்குதுடி. எலும்புக்குள்ள திருகாணி வச்சு யாரோ திருகுறா மாதிரி. மேல ஒண்ணுமே இல்ல. தொட்டா கூட தெரியல."

பதின்மூன்று வருடக் குடித்தனத்தில் அவர் வலி என்று இவ்வளவு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கேள்வி கேட்பது என் தொழில். என்ன வேலை செய்தீர்கள், எந்தத் தொட்டி என்று குடைந்தேன்.

"புது டேங்க்தான். அது ஒண்ணும் பண்ணாது, சாதுவான ஆசிட்டு. கையில தெறிச்சா கூட சுடாது."

"கிளவுஸ்?"

"போட்டுக்கினுதான் இருந்தேன். பழசுதான். சுடலியே, அதான் மாத்தல."

சுடவில்லை, அதனால் மாற்றவில்லை. தொட்டி எதனால் ஆனது என்று கேட்டேன். பிளாஸ்டிக் என்றார். எல்லாமே பிளாஸ்டிக்தான், முதல் வாரம் சாம்பிள் எடுக்க யாரோ கண்ணாடிக் குவளையைக் கொண்டுபோனார்கள், அது பனி படிந்த மாதிரி வெளுத்துப்போய்விட்டது, எல்லாரும் பார்த்துச் சிரித்தோம் என்றார்.

கண்ணாடியைத் தின்கிற அமிலம் உலகத்தில் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைத் தண்ணீரில் பிடிக்க வைத்துவிட்டு, அவருடைய போனில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஆமா மேடம், ஹெச்சஃப்தான். பயப்படாதீங்க. அது வீக் ஆசிட். டிரெய்னிங்ல தெளிவா சொல்லி கீறாங்க. எச்சியெல்ல விட டேஞ்சர் கம்மி. சோடாத் தண்ணில கையை வக்கச் சொல்லுங்க, சரியாப் பூடும்."

ஹெச்சஃப் என்றால் ஹைட்ரோஃப்ளோரிக், எச்சியெல் என்றால் ஹைட்ரோகுளோரிக். நான் அந்த ஆளை என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. திட்டி என்ன பயன்? பிடி இறுகியிருப்பதால்தான் அது வீக். பிடி இறுகியிருப்பதால்தான் அது மேல்தோலில் சண்டை போடாமல், மின்னூட்டம் எதுவும் காட்டாமல், முழு மூலக்கூறாகத் தோலைத் தாண்டி உள்ளே போய்விடும். மேலே சோடா மாவைப் போட்டால் வாசலில் காவல் வைத்த மாதிரி. திருடன் எப்போதோ வீட்டுக்குள் போய்விட்டான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்களே, அதுதான். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. உள்ளே போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. எங்கள் பாடம் பிணைப்போடு முடிந்துவிடும்.

ஸ்கூட்டியில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். எப்போதும் அவர்தான் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து அதட்டிக்கொண்டு வருவேன். அன்று பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. அழுகை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற சத்தம். மேடு பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் அது பெரிதானது.

பக்கத்துக் கிளினிக்கில் இருந்த டாக்டர் வயதானவர், எங்களுக்குப் பழக்கமானவர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொப்புளமே இல்லையேம்மா. ஆசிட் பட்டா இப்படியா இருக்கும்?"

"இது வேற ஆசிட் டாக்டர். உள்ள போயிடும். ஹைட்ரோஃப்ளோரிக்."

"வீக் ஆசிட்தானே அது?" என்றார். அவரும் ஒரு காலத்தில் இரண்டு மதிப்பெண் வாங்கியவர்தான். வலி மாத்திரையும் களிம்பும் எழுதினார். திங்கட்கிழமை வந்து காட்டச் சொன்னார். நான் மேசையைத் தட்டிப் பேசினேன், அவர் என் கணவரைப் பார்த்து, "டீச்சர் ரொம்ப டென்ஷனா இருக்காங்க" என்றார். இவர் அந்த வேதனையிலும் தலையை ஆட்டினார். மரியாதைக்கு.

வெளியே வந்து மரத்தடியில் நின்று போனில் தேடினேன். ஒன்று புரிந்தது. உள்ளே போன பிறகுதான் அந்த மூலக்கூறு மெல்லப் பிரிகிறது. பிரிந்த ஃப்ளோரைடு கால்சியத்தைத் தேடுகிறது. ரத்தத்தில், நரம்பில், எலும்பில், எங்கே கண்டாலும் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடுகிறது. கால்சியம் இல்லாத நரம்புதான் அப்படி அலறுகிறது. அதிகமாகப் போனால் இதயம் நின்றுகூடப் போகலாம். அப்படியானால் அது தேடுவதை நாம் கொடுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து கால்சியம் கொடுத்தால் உள்ளே இருப்பதை விட்டுவிடும். அதற்கென்று ஒரு களிம்பு இருக்கிறது, கால்சியம் குளுக்கோனேட் ஜெல். ஜெபம் சொல்வது போல அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் நோக்கி வண்டியை விட்டேன்.

இரண்டாவது ஷிப்டு பஸ்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஜன்னல் ஓரங்களில் தலை சாய்த்து உறங்கும் முகங்கள். இதில் எத்தனை பேர் கையுறை ஓட்டையை அமிலம் சொல்லும் என்று நம்பிக்கொண்டு போகிறார்களோ என்று தோன்றியது. அப்போது அந்த நினைப்புக்கு எனக்கு நேரம் இல்லை. ஹாரனை அழுத்தினேன். ஒருவரும் நகரவில்லை.

கடைத்தெருவில் முதல் மருந்துக் கடையில் அப்படி ஒரு ஜெல்லைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அடுத்ததில் கால்சியம் மாத்திரை கொடுக்கட்டுமா, எலும்புத் தேய்மானமா என்று கேட்டார்கள். அடுத்த கடைக்காரப் பெண் அலமாரி முழுவதும் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இத்தனை ஷெட்டுகளில் இத்தனை தொட்டிகள் இருக்கிற ஊரில், அந்த ஒரு ட்யூப் எந்தக் கடையிலும் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். வலது கையை இடது அக்குளுக்குள் செருகிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார்.

"ஏய், கையை வெட்டிடச் சொல்லுடி. சத்தியமா சொல்றேன். வெட்டிடச் சொல்லு."

அந்தப் பெண்ணிடம் நெஞ்செரிச்சல் மாத்திரை என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். மென்று தின்கிற மாத்திரைகளில் சிலது வெறும் கால்சியம் கார்பனேட். அட்டை அட்டையாக வாங்கி, கடை மேசையிலேயே எடைக்கல்லால் நசுக்கி, தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு ரப்பர் கையுறையில் வழித்துப்போட்டு அதற்குள் அவர் கையை நுழைத்தேன். நாலு பேர் கூடிவிட்டார்கள். கைவைத்தியம் போல என்று ஒருவர் சொன்னார். எனக்கு வெட்கமாக இல்லை. சரியா தப்பா என்றும் தெரியவில்லை. மாதாவே, கொஞ்சமாவது உள்ளே போகட்டும் என்று மட்டும் வேண்டினேன்.

பெரிய சாலையை ஒட்டி இருந்த மருத்துவமனைக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் என் தங்கை வயதுப் பெண். கிளினிக்கில் நடந்தது இங்கேயும் நடந்துவிடக் கூடாது என்று, அவள் வாயைத் திறப்பதற்கு முன் நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். எந்த அமிலம், ஏன் சுடாது, ஏன் முழுசாக உள்ளே போகிறது, போய் என்ன தேடுகிறது. வீக் என்ற வார்த்தையை நம்பாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கையை இறக்குங்க மேடம். படிச்சிருக்கேன், கேஸ் பார்த்ததில்ல. எங்க சீஃப்கிட்ட கேட்டுட்டே செய்றேன்" என்றாள்.

அவள் அதைச் சொன்ன நேர்மைக்கே அவள் காலில் விழலாம் போல இருந்தது. இதயத்துக்கு ஒயர்களை மாட்டச் சொன்னாள், ரத்தம் எடுக்கச் சொன்னாள். ஊசி மருந்தாக இருந்த கால்சியம் குளுக்கோனேட்டை வழுவழுப்பான ஜெல்லில் கலந்து, நான் செய்தது போலவே ஒரு கையுறையில் நிரப்பிப் போட்டாள். மாத்திரைக் கூழை வழித்தெடுக்கும்போது, "இது நல்லதுதான் செஞ்சீங்க" என்றாள். கை ஜெல்லுக்குள் இருந்தது. வலி குறையவில்லை. மணிக்கட்டு வரை ஏறிவிட்டது என்றார். கட்டிலின் இரும்புக் கம்பியைக் காலால் உதைத்தார். என் கணவர், பல்வலியைக்கூடச் சொல்லாதவர், ஊர் கேட்க அலறினார்.

டாக்டர் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு கேட்டாள், தலையாட்டினாள், பிறகு என்னைத் தனியே திரை ஓரத்துக்கு அழைத்தாள்.

"விரல் நுனில நேரா கால்சியம் ஊசி போடப் போறேன். அதுவே ரொம்ப வலிக்கும். கை மரத்துப்போற ஊசி முதல்ல போட்டா அவருக்கு இப்பவே நிம்மதி. ஆனா மரத்துட்டா, கால்சியம் போய்ச் சேர்ந்துச்சா இல்லியான்னு எனக்குத் தெரியாது. வலி குறையறதுதான் ஒரே அளவு. எங்க இன்னும் வலிக்குதோ அங்க இன்னும் போடணும். சீஃப் மரக்க வைக்காதேங்கிறார். உங்க வீட்டுக்காரர் கத்தறதப் பாத்தா எனக்கு மனசு வரலை. நீங்க சொல்லுங்க."

திரைக்கு அந்தப் பக்கம் அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"மரக்க வைங்க டாக்டரம்மா! உங்க கால்ல வேணா உழறேன். ஏய், சொல்லு அவங்ககிட்ட! மரக்க வைக்கச் சொல்லுடி!"

அந்தக் கை எங்கள் வீட்டுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அது போனால் ஒப்பந்தக்காரன் அடுத்த நாளே வேறு கையைக் கொண்டுவருவான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் வேலையை நினைக்கவில்லை. சோற்றில் வைத்து எடுத்த அந்த விரல்களைத்தான் நினைத்தேன். அவர் கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டே, "வேண்டாம், மரக்க வைக்காதீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர், வாயோரம் எச்சில்.

"நீ பொண்டாட்டியே இல்ல" என்றார். "இங்கயும் டீச்சரு வேலதான் பாக்குற."

அவர் தோளைக் கட்டிலோடு சேர்த்து என் இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டேன். நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒவ்வொரு விரலிலும் ஊசி இறங்கும்போது அவர் உடம்பு என் கைகளுக்கடியில் விறைத்தது. ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்டாள், இப்போது எங்கே வலிக்கிறது, எங்கே அதிகம். அவர் சொல்ல மறுத்தபோது, "சொல்லுங்க! வாயைத் திறந்து சொல்லுங்க!" என்று நான் அதட்டினேன். என் குரல் வகுப்பறையில் வருகிற அதே குரலாக இருந்தது. அந்தக் குரலை அன்று நான் வெறுத்தேன். ஆனால் அதற்குத்தான் அவர் பதில் சொன்னார். கட்டைவிரலில் குறைகிறது. நடுவிரலில் இன்னும் இருக்கிறது. ஆள்காட்டியில்தான் உயிர் போகிறது. அங்கே இன்னொன்று, அங்கே இன்னொன்று.

கட்டைவிரல் முதலில் அடங்கியது. பிறகு மோதிர விரல். நடுவிரல் விட்டு விட்டு வலித்து, பிறகு அதுவும் ஓய்ந்தது. ஆள்காட்டி விரலில் மட்டும் வலி இறங்கவே இல்லை. இப்படியே இருந்தால் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அவர் மூச்சு மெல்லச் சீரானது. விறைத்திருந்த தோள் தளர்ந்தது. நான் பயந்துபோய் முகத்தைப் பார்த்தேன்.

"போயிடுச்சுடி" என்றார்.

"எது?"

"வலிதான். ஆள்காட்டி வெரல்ல. சுத்தமா இல்ல இப்ப."

கட்டிலின் ஓரத்தில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். இத்தனை நேரம் அடக்கியிருந்தது எல்லாம் வந்தது. அவர் இடது கையால் என் தலையைத் தடவினார். "ஏதோ வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத" என்றார். மனதில் வைத்துக்கொள்கிற ஆளா நான் என்று கேட்டேன். சிரித்தார். நர்ஸும் சிரித்தாள். டாக்டர் வந்தவுடன், வலி போய்விட்டது டாக்டர், எல்லா விரலிலும் போய்விட்டது என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. ஜெல்லைத் துடைத்துவிட்டு விளக்கைக் கிட்டே இழுத்து, கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு புது ஊசி ஒன்றை எடுத்தாள்.

"கண்ணை மூடிக்குங்க சார். ஒவ்வொரு விரலா லேசா தொடுவேன். குத்தறது தெரிஞ்சா சொல்லுங்க."

அவர் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு முதன்முதலாக அந்த முகத்தில் அமைதி இருந்தது. கட்டைவிரலில் தொட்டாள். "ம்" என்றார். மோதிர விரலில் தொட்டாள். "ம், குத்துது." நடுவிரலில் தொட்டாள். "யம்மா" என்று செல்லமாகச் சிணுங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் காத்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். கண் மூடியபடியே அவர் கேட்டார்.

"இன்னா டாக்டரம்மா, நிறுத்திட்டீங்க? ஆள்காட்டி வெரலு பாக்கி கீதே. அதுலயும் குத்துங்க."

ஊசி அந்த விரலில்தான் நின்றுகொண்டிருந்தது.